குளிப்பாட்டாத குழந்தை

காலை ஏழேகாலுக்கு, மாதம் நிறையாமலே என் மகளுக்குப் பிரசவமாகிவிட்டது. பேத்தி கையகலம்தான் இருந்தாள். திருவண்ணாமலை ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு வாசலில் நின்றிருந்தேன். உள்ளே இரண்டு நர்சுகளின் பேச்சு கேட்டது.

"அக்கா, இந்தக் குழந்தையக் குளிப்பாட்டாதீங்க."

"அழுக்கோடயா கொடுக்கச் சொல்ற? இருபது வருஷமா பொறந்ததும் குளிப்பாட்டித்தாம்மா கொடுக்கறேன்."

"டிரெய்னிங்ல சொன்னாங்கக்கா. நிறைய குழந்தைங்கள வச்சுப் பார்த்தாங்களாம். குளிப்பாட்டினா உடம்புச் சூடு கம்மியாயிடுதாம். தொடச்சு, அம்மா நெஞ்சுல படுக்க வச்சா போதுமாம்."

"ஃபேனுக்குக் கீழ உக்காந்து நல்லாத்தான் சொல்வாங்க."

"சரிக்கா, விடியக்காலைல நீங்க குளிப்பாட்டின குழந்தை அந்தக் கட்டில்ல இருக்கு. அதோட பாதத்தத் தொட்டுட்டு இதையும் தொடுங்க."

செருப்புச் சத்தம் அந்தக் கட்டில் வரை போய்த் திரும்பியது. பிறகு மூத்த நர்சின் குரல் கேட்டது.

"அது பாதம் சில்லுன்னு இருக்கே. அந்தக் குழந்தையையும் தூக்கி அவங்கம்மா நெஞ்சுல போடு. சீக்கிரம்."

செங்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி சம்பந்தியம்மா வந்து சேர்ந்தார். கையில், எதிர் டீக்கடையில் வாங்கிய வெந்நீர் வாளி.

"இன்னுமா குளிப்பாட்டல?"

மூத்த நர்ஸ் வெளியே வந்து வாளியை வாங்கிக்கொண்டார்.

"இது பெத்தவளுக்கு ஆகும்மா. குழந்தைக்கு இன்னைக்கு வேணாம். நான் தொட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."