திருப்பி எழுதும் கை

— ஒண்ணாங் கிளாசுக்குத் திருப்பி அனுப்பப் போறோம்னா, எம் பொண்ணு மக்குன்னு சொல்ல வந்தீங்களா சார்?

— நான் சொல்லலைங்க பாஞ்சாலையம்மா, ஹெட்மாஸ்டர் சொல்றாரு. நான் கூடாதுன்னு மல்லுக்கு நின்னுட்டுத்தான் உங்க வீடு தேடி வந்திருக்கேன்.

— அப்பிடின்னா உக்காருங்க. ஏ திரௌபதி, ஜெயராஜ் சாருக்கு அந்தப் பூப்போட்ட கப்புல டீ ஊத்தியா. எங்க பீங்கான் கம்பெனி கப்புதான் சார். விளிம்புல சொட்டை, அதான் வூட்டுக்கு வந்துடுச்சு.

— இருக்கட்டும்மா. பாருங்க, இவ இடது கையால சிலேட்டுல எழுதுனா கண்ணாடியில தெரியிற மாதிரி இருக்கு. எழுத்தெல்லாம் இடம் வலம் மாத்தி. வலது ஓரத்துல கெளம்பி இடது பக்கமா ஓடுறா.

— அதுக்கா மக்கு? எங்க அச்சு ரூம்புக்கு வந்து பாருங்க. அச்சுல எழுத்தத் திருப்பிச் செதுக்குனாத்தான் கப்புல நேரா வுழும். மத்தவங்கல்லாம் காயிதத்துல எழுதி, வெளிச்சத்துல கவுத்துப் புடிச்சு, பாத்துப் பாத்து வரைவாங்க. ஒரே ஒரு ஆளுதான் எதையும் பாக்காம கடகடன்னு திருப்பி எழுதும். எல்லாரையும் வாடா போடான்னு வெரட்டுற மேஸ்திரி நல்லமுத்து, அந்த ஆள மட்டும் வாங்கம்பாரு. அந்த வித்தை எம் பொண்ணுக்கு ஏழு வயசுல வருது, அதான் சேதி.

— பெருமைப்படுங்க, வேணாங்கல. ஆனா பரீட்சை அச்சு ரூம்புல நடக்கலையே.

— அது நெசந்தான்.

— பாருங்க, ட்ரெயினிங்ல எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. இடது கை ஓங்குன புள்ளைக்கு மூளை வேலை செய்யற விதமே கொஞ்சம் வேற. சோம்பலும் இல்ல, திமிரும் இல்ல, பொறப்பு. போன வாரம் சிலேட்டு இடது ஓரத்துல ஒரு பொட்டு வெச்சேன். பொட்டுலேருந்து கெளம்பும்மான்னேன். இடது கையாலயே நேரா எழுதிட்டா.

— நேராவா?

— திரௌபதின்னு முழுசா.

— ஐயோ சார், அந்த 'ரௌ'வுல கொம்பு எங்க வரும்னு தெரியாம ராத்திரிப் பள்ளிக்கூடத்துல நான் அழுதிருக்கேன்.

— ஆனா நேத்து வலது கையால கோழி கெளறுன மாதிரி கிறுக்குறா. பேச்சும் திக்குது. இடது மணிக்கட்டுல துணி கட்டுன தடம். நாளைக்குக் காலையில ஹெட்மாஸ்டர் தன் முன்னாடி எழுதச் சொல்வாரு. கையக் கட்டுனது யாரும்மா?

— டீ ஆறுது சார்.

— கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— நாந்தான். கருவேப்பிலங்குறிச்சிலேருந்து எங்க நாத்தனா வந்துச்சு. இவ பீச்சாங்கையால தண்ணிச் செம்ப நீட்டிட்டா. வாங்கல சார். எழுந்து போயிடுச்சு. நாளைக்கு வாக்கப்பட்டுப் போற எடத்துலயும் இதே கதிதான?

— செம்பு நீட்டறதுக்கு வலது கை பழகட்டும். எழுதறதுக்கு அந்தக் கைய விட்டுடுங்க. உங்க அச்சு ரூம்புல ஒருத்தர்னீங்களே, அவரும் இடது கைக்காரரா இருந்தாலும் இருப்பாரு, கேட்டுப் பாருங்க.

— கேக்க வேணாம் சார். அதே கைதான். அதனாலதான் கதவச் சாத்திக்கிட்டு எழுதுது.

— கதவ ஏன் சாத்தணும்?

— பீச்சாங்கை பட்ட கப்புன்னா எவன் வாய் வைப்பான்? மேஸ்திரி உத்தரவு. வேப்பூர் ரோட்டுல பாதி டீக்கடை அந்தக் கப்புலதான் ஓடுது, ஒருத்தருக்கும் தெரியாது.

— பாருங்க, அவரையே நாளைக்குக் கூட்டிட்டுப் போயி ஹெட்மாஸ்டர் முன்னாடி நிறுத்துவோம். யாருங்க அவரு?

— டீ குடிச்சாச்சா சார்?

— ஆச்சு. நல்லா இருந்துச்சு.

— கப்பக் கவுத்துப் பாருங்க. அடியில என்னா எழுதியிருக்குது?

— விருத்தாசலம்னு ஊரு பேரு. அச்சடிச்ச மாதிரி இருக்கு.

— அது எம் பீச்சாங்கை எழுதுனது சார். காலையில வரேன், ஹெட்மாஸ்டர் ரூம்புக் கதவத் தொறந்தே வெக்கச் சொல்லுங்க.