மீதி அரைச் சுற்று

பாரமான பொருளைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். முதுகை வளைக்கக் கூடாது. மீன்பெட்டி தூக்குபவர்களுக்கும் நெல்மூட்டை தூக்குபவர்களுக்கும் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. யாரும் கேட்பதில்லை.

நீங்கள் விசாரணை அதிகாரி என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன், மிஸ். முதுகெலும்பில் பொருத்தும் திருகாணிகளையும் கம்பிகளையும் இந்தத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து கொடுப்பது என் வேலை. சத்திரசிகிச்சை நடக்கும்போது நானும் உள்ளே நிற்பேன். வைத்தியர் அளவைச் சொல்ல, பெட்டியைத் திறந்து கொடுப்பேன். ஏழு வருடங்களுக்கு முன்பு வாகரையில் ஒருவர் மரத்திலிருந்து விழுந்தால் கொழும்புக்குத்தான் கொண்டுபோவார்கள். பாதிப் பேருக்கு வழியிலேயே நிலைமை மோசமாகிவிடும். கண்டியிலிருக்கும் வைத்தியரைக் கெஞ்சி மாதம் இரண்டு முறை இங்கே வரவைத்தவன் நான். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் உடைந்தது நல்லரத்தினத்துக்கு. கதிரவெளியில் கரைவலை இழுப்பவர். மார்ச்சில் சத்திரசிகிச்சை, மே மாதம் திரும்பி வந்தார். எக்ஸ்ரேயில் இரண்டு திருகாணிகள் முறிந்திருந்தன. வைத்தியர் என்னைத்தான் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நல்லரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் உடைச்சுப்போட்டன் ஐயா. கோயில்ல உருண்டன். கால் நல்லா வந்தா உருளுறன் எண்டு நேர்த்தி."

"உங்களுக்கு என்ன சொல்லி அனுப்பினன்?" என்று வைத்தியர் கேட்டார்.

"குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது எண்டுதானே சொன்னீங்க. உருளக்கூடாதெண்டு சொல்லல்லையே."

அறையில் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். வைத்தியர் கோப்பில் ஒரு வரி எழுதினார்: நோயாளி அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை. என் திருகாணியைப் பற்றி அதன்பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு வரி எத்தனை கேள்விகளை மூடிவிடுகிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

நிறுவனத்தின் கடிதம் எப்போது கிடைத்தது என்று கேட்டீர்கள். பெப்ரவரியில். அந்தத் தொகுதித் திருகாணிகளின் உலோகத்தில் குறை இருக்கிறது, பாவிக்க வேண்டாம், உடனே திருப்பி அனுப்புங்கள் என்று இருந்தது. ஓம், நல்லரத்தினத்துக்கு முன்பேதான். என்னிடம் முப்பத்திரண்டு இருந்தன. திருப்பி அனுப்பினால் புதியவை வர நான்கு மாதம். வைத்தியர் அதுவரை சும்மா வந்து போவாரா? ஒருமுறை நின்றால் நின்றதுதான். அதற்கு முந்திய நல்ல தொகுதியின் இலக்க ஒட்டிகள் கொஞ்சம் மிச்சமிருந்தன. நோயாளிகளின் கோப்புகளில் அவற்றை ஒட்டினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

யோகராசா ஜூன் தொடக்கத்தில் வந்தார். வாவியில் இறால் பிடிப்பவர். தென்னையிலிருந்து விழுந்து முள்ளெலும்பு நொறுங்கியிருந்தது. ஆனால் கால்களில் உணர்ச்சி இருந்தது. முதல்நாள் பின்னேரம் அவருடைய கட்டிலருகே போய் உட்கார்ந்தேன்.

"மனே, இந்த ஆணி கறள் பிடிக்காதா? நான் தண்ணிக்குள்ள நிக்கிற ஆள்."

"தண்ணி உள்ளுக்குப் போகாது அண்ணன்."

"அப்ப இறால் கடிச்சா?"

"வாயப் பொத்திட்டுப் படுங்க," என்றார் அவருடைய மனைவி புஸ்பம். "விடிஞ்சா முதுகைக் கிழிக்கப் போறாங்க, இவருக்கு இறால் கதை."

நேர்த்தி ஏதும் வைக்கவில்லையா என்று யோகராசாவிடம் கேட்டேன். கற்பூரம் கொளுத்துகிறேன் என்றார்.

"ரெண்டு காலுக்கும் கற்பூரம் மட்டுமா அண்ணன்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, மூண்டு சுத்து உருளுறன்."

"டொக்டர் விடுவாரா தம்பி?" என்று புஸ்பம் கேட்டார்.

"ஆறு கிழமை போனாப் பிறகு பயமில்லக்கா. டொக்டருக்கிட்டச் சொல்லத் தேவையில்ல. அவருக்கு இதுகள் விளங்காது."

நான் வைத்தியன் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். நேர்த்தியை வாய்விட்டுச் சொன்னவரும் அவர்தான். அதன்பிறகு சத்திரசிகிச்சைக்கு வந்த மூன்று பேரிடமும் இதேபோல் பேசினேன்.

ஜூலை கடைசியில் அம்மன் கோயில் திருவிழா. நானும் போயிருந்தேன். யோகராசா ஈர வேட்டியோடு மணலில் படுத்து, கைகளைத் தலைக்கு மேலே கூப்பியபடி உருண்டார். மைத்துனன்மார் இரண்டு பேர் பக்கத்தில் நின்று திருப்பிவிட்டார்கள். முதல் சுற்றில் என்னைக் கண்டு சிரித்தார். மூன்றாவது சுற்றில், கோயிலின் பின்வீதியில், உருளல் நின்றுவிட்டது. அம்மன் உரு வந்துவிட்டது என்று நினைத்துப் பறையை வேகமாக அடித்தார்கள். புஸ்பம் மட்டும் குனிந்து அவருடைய பாதத்தைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை கிள்ளினார்.

முதலில் ஓடிப்போய்த் தூக்கியவன் நான். முழங்காலை மடக்கித்தான் தூக்கினேன்.

கோப்பில் அதே வரி விழுந்தது. நல்ல திருகாணியாக இருந்தால் அந்த உருளலைத் தாங்கியிருக்கும் என்று வைத்தியர் உங்களிடம் சொன்னாராம். இருக்கலாம். உடையும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். உடையும்போது அவர்கள் கோயில் மணலில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நேர்த்தி வைக்கச் சொன்னேன். இதற்கு மேல் இதில் மறைக்க ஒன்றுமில்லை.

யோகராசாவுக்கு இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது. போன கிழமை பார்க்கப் போனேன். அவருக்கு என்மீது கோபமில்லை. மூன்று சுற்றில் அரைச் சுற்று மீதியாகிவிட்டதே, அதனால்தான் அம்மன் காலை எடுத்துக்கொண்டாளோ என்று என்னிடம் கேட்டார். புஸ்பம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கவலைப்படாதீர்கள், உங்களுக்காக நான் முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முந்தாநாள் காலை போய், பின்வீதியில் அவருடைய உருளல் நின்ற இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து தொடங்கி, அந்த அரைச் சுற்றை உருண்டு முடித்தேன். என் முதுகுக்கு ஒன்றும் ஆகவில்லை, மிஸ். முறையாக உருண்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.