பீரோவில் பூட்டிய இழைப்புளி

ஆடி இரண்டாம் செவ்வாய், காலை எட்டே முக்கால். செகந்திராபாத்திலிருந்து திருமுல்கேரி போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னார்:

"கார்ப்பெண்டரோட இழைப்புளிய பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்."

"ஏங்க்கா?"

"மழையில ஊதிப்போச்சுன்னு பாத்ரூம் கதவைக் கழட்டினாரு. நாளைக்கு வர்றேன், நம்பிக்கைக்கு இழைப்புளி இங்கயே இருக்கட்டும்னு போனவரு, பத்து நாளா ஆளக் காணோம். கதவு இல்லாம, உள்ள போனா பாடிக்கிட்டேதான் இருக்கோம். வெள்ளிக்கிழமை சம்பந்தி வராங்க. அவங்களையும் பாடச் சொல்லவா?"

"யாரு, காதுல பென்சில் சொருகியிருப்பாரே, யாதகிரியா?"

"ஹவ், அவரேதான்."

"அவரோட ரம்பம் எங்க கட்டிலுக்கு அடியில இருக்குக்கா! கிச்சன் அலமாரி பாதியில நிக்குது. நம்பிக்கைக்குன்னு விட்டுட்டுப் போனாரு."

மூத்தவர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"போன் பண்ணா, ரம்பம் கைவசம் இல்லம்மாங்கறாரு," என்றார் மூத்தவர்.

"எங்ககிட்ட இழைப்புளி கைவசம் இல்லைங்கறாரு."

"அப்ப ரெண்டும் ஒரே வீட்டுல இருந்தாத்தான் வருவாரு. நீ ரம்பத்தை எங்க வீட்டுக்குக் கொண்டாம்மா. கதவு முடிஞ்ச மறுநிமிஷம் ரெண்டையும் எடுத்துக்க, அவரையும் கூட்டிட்டுப் போ."

இளையவர் யோசித்தார்.

"கொண்டாரேன். ஆனா அதுவரைக்கும் உங்க குக்கர் வெயிட் எங்க வீட்டுல இருக்கட்டும்க்கா. ஒரு நம்பிக்கைக்குத்தான்."

மூத்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி. வெள்ளிக்கிழமை காலையில வெயிட் வந்துடணும். சம்பந்திக்கு சோறு வைக்கணும்."