டெருஸ் பாக்சிக் நலமாக இல்லை

லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடத்தில், வலிக்கும் முட்டியோடு வீடு வீடாக ஏறி நம்மைத் திரட்டிய சங்கத் தலைவர் ஊய் அங்கிள் அவர்களே! சனிக்கிழமை ஓய்வை விட்டுக்கொடுத்து மேடையில் அமர்ந்திருக்கும் வீடமைப்பு அலுவலக அதிகாரி சுஹைமி அவர்களே! சக்கர நாற்காலிகளில் முன்வரிசையை அலங்கரிக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! அணைத்தீர்கள்தானே, சுந்தரி அக்கா? நல்லது. அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நாம் என்ன கேட்கிறோம்? மாளிகையா? மலைமேல் பங்களாவா? கீழ்த்தளத்தில் ஒரு வீடு! படியில்லாத ஒரு வாசல்! அவ்வளவுதான். அது யாருக்கு? ஐந்தாம் மாடிப் பெரியவர், நம் எல்லோருக்கும் மாமா முறையான டெருஸ் பாக்சிக்குக்கு. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட மனிதர். டயாலிசிஸ் நாள் தவறாமல் நம் பிள்ளைகள் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்குகிறார்கள்; தூக்கி ஏற்றுகிறார்கள். போன மாதம் மூன்றாம் மாடித் திருப்பத்தில் நாற்காலிக் கால் உடைந்தது. குமரேசன் மார்பைக் கொடுத்துத் தாங்கினான், பாக்சிக் பிழைத்தார். அடுத்த முறை யார் தாங்குவது? கீழ்த்தளத்தில் இரண்டு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டு துருப்பிடிக்கிறது, மனிதர் தேய்கிறார்!

ஏன் இந்தத் தாமதம்? அலுவலகம் தூங்குகிறதா?

"ஆமா" என்கிறீர்கள். பொறுங்கள், கைதட்டலில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். பாதிக் குற்றம் அங்கே. மறுபாதி இங்கே, நம்மிடம்!

முதல் தடவை, யாருக்கு வீடு அவசரம் என்று பார்க்க அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. நாம் என்ன செய்தோம்? படிக்கட்டைக் கழுவினோம். கடையிலிருந்து மின்விசிறி வந்தது, எதிர்க் கட்டடத்திலிருந்து சோபா வந்தது. வாந்தி வாளி கட்டிலுக்கு அடியில் போனது. பாக்சிக்குக்குப் பெருநாள் சட்டை, முகத்துக்குப் பவுடர்! "எதுக்கு மக்சிக் இதெல்லாம்?" என்று கேட்டதற்கு அவர் மனைவி ரொக்கியா மக்சிக் என்ன சொன்னார்?

"வீடு தேடி ஒரு மனுஷன் வர்றாரு. வாளியைக் காட்டியா வரவேற்கிறது?"

சுஹைமி ஐயா வந்தார். "எப்படி இருக்கீங்க, பாக்சிக்?"

"அல்லா புண்ணியத்துல நல்லா இருக்கேன், தம்பி."

"படி ஏறி இறங்க முடியுதா?"

"அதெல்லாம் மெதுவாப் போயிடுவேன். கறிபாப் எடுங்க, இப்பதான் பொரிச்சது, சூடு ஆறிடும்."

அவர் கறிபாப்பைச் சாப்பிட்டார். 'சமாளிக்கிறார்' என்று எழுதினார். வீடு வேறொருவருக்குப் போனது. ரொக்கியா மக்சிக் விட்டாரா? "ராஜா மாதிரி உட்கார்ந்தீங்கல்ல? ராஜாவுக்கு எதுக்குக் கீழ்வீடு?" பாக்சிக்கும் விடவில்லை: "எல்லாம் நீ பூசின பவுடர்தான்!"

சிரிக்கிறீர்கள். மறுவருடமாவது திருந்தினோமா? அதே விசிறி! அதே சோபா! கறிபாப்பில் மட்டும் கூடுதல் காரம்!

என் அன்புக்குரியவர்களே, நோய் என்ன குற்றமா, ஒளித்துவைக்க? முதுமை என்ன களவா, மூடிமறைக்க? உழைத்து ஓய்ந்த உடம்பு உரிமை கேட்கிறது. உரிமை கேட்க ஒப்பனை எதற்கு? "முடியவில்லை" என்று சொல்வதில் மானம் போகாது. முடியாதவரை மூன்றாம் மாடித் திருப்பத்தில் தவறவிட்டால்தான் நம் மானம் போகும்!

சுஹைமி ஐயா, உங்களைக் குறை சொல்லி அனுப்ப நான் வரவில்லை. நாங்கள் காட்டியதை நீங்கள் கண்டீர்கள், கண்டதை எழுதினீர்கள். ஆனால் ஐயா, அந்த ஐந்து மாடி ஏறியபோது உங்களுக்கே மூச்சு வாங்கியதே, அந்த மூச்சை ஏன் எழுதவில்லை? நோயில்லாத நெஞ்சே அப்படி அடித்துக்கொண்டால், டயாலிசிஸ் முடிந்து வரும் உடம்பு என்ன பாடுபடும்?

இன்று மதியம்தான் பாக்சிக் சிகிச்சை முடிந்து வந்தார். மேலே படுத்திருக்கிறார், மகள் துணைக்கு இருக்கிறாள். தேதி குறிக்க வேண்டாம், தகவல் அனுப்ப வேண்டாம். இப்போதே வாருங்கள், ஐயா! வந்து பாருங்கள்! பார்த்ததை எழுதுங்கள்!

என்ன சொல்கிறார், அங்கிள்? வருகிறாரா? எழுந்தே விட்டார்! மிச்சம் வைத்த கைதட்டலை இப்போது கொடுங்கள்!

கேட்டிருந்த எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம். ஒரே ஒரு வேண்டுகோள். அதிகாரிக்கு முன்னால் யாரும் மேலே ஓடக் கூடாது. துடைப்பத்தைத் தொடக் கூடாது. மக்சிக்! எங்கே கிளம்பிவிட்டீர்கள்? தேநீர் போடவா? வேண்டாம், உட்காருங்கள்! சுந்தரி அக்கா, அவர் கையை விடாதீர்கள்.

ஐயா, படிக்கட்டு இடது பக்கம்.