சிவப்புத் துணியும் மலைப்பாசியும்

— பையைக் கீழ வைக்காதீங்க. அப்படியே என்னை எங்கம்மா வூட்டுல கொண்டுபோயி வுட்டுடுங்க. இனிமே ஒரு நாழி இந்த வூட்டுல இருக்க மாட்டேன்.

— என்னா அம்சவல்லி, ஏற்காட்டுலருந்து லாரில குலுங்கிக்கினு வந்து இப்பதான் எறங்கறேன், மூஞ்சி கூட கழுவல. மொதல்ல நீ சொல்லு, வாசல்ல இருந்த கொய்யா மரம் எங்க?

— புது பிளாக்குக்கு ரோடு போடறவங்க நேத்து வெட்டிட்டாங்க. வெட்டப்போற மரம்னு சுண்ணாம்பு அடிச்சிட்டுப் போனதுதான் உங்களுக்கே தெரியுமே.

— அதுக்குள்ள வந்துடலாம்னு பாத்தேன். தெக்கால கெளையில ஒரு மூட்ட கட்டியிருந்துச்சே, செவப்புத் துணி. அது எங்க?

— அது உங்களுக்கும் தெரியுமா?

— எங்க, சொல்லு.

— அதைச் சொல்லத்தான நின்னுகினு இருக்கேன். நீங்க மலைக்குப் போன மறுநா பாத்தேன். பக்கத்து வூட்டு ராஜாம்பா அக்கா கெளைய வளைச்சிப் புடிச்சிகினு அந்த மூட்ட மேல செம்புத் தண்ணிய ஊத்துது. வாய்க்குள்ள என்னமோ சொல்லிக்கினே ஊத்துது. எனக்கு வயித்துல புள்ள நெளியுது. நம்ம வாசலப் பாத்து செவப்புத் துணி கட்டி தண்ணி தெளிச்சா அதுக்கு என்னா பேரு? செய்வினதான?

— அடக் கடவுளே.

— அக்கா போனதும் கிட்டப் போயி பாத்தேன். துணிக்கு வெளிய கறுப்புப் பச்சையா நீட்டிக்கினு இருக்குது, பொம்பள முடியாட்டம். ஈரமா வேற இருக்குது. அதுல கைய வைக்க எனக்கென்ன பைத்தியமா?

— அது முடி இல்ல புள்ள, பாசி. ஏற்காட்டுப் பாசி. அந்தத் துணி லாரிக்குப் பின்னால கட்டற கொடி. கட்டினது நான்தான்.

— நீங்களா?

— அந்த மரத்துப் பழம் செவசெவன்னு, வெத கம்மியா இருக்குமில்ல. நான் கூலிக்குப் போற நர்சரி ஆபீசர் தின்னு பாத்துட்டு, ‘கலியா, மரம் போறதுக்குள்ள ஒரு கன்னு எடுத்துக் குடு, உன்னை பர்மனெண்ட் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்’னாரு. பர்மனெண்ட் ஆனா குவார்ட்டர்ஸ் வரும். புள்ள பொறக்கறதுக்குள்ள இந்த வடக்குத்து ஊருல ஒழுவுற வூட்ட வுட்டுப் பூடலாம்னு நெனச்சேன். ஒரு மாசம் முன்னாடியே கெளையில பட்டைய வளையமா சீவி, பாசிய நனைச்சி சுத்தி எலை மறைவுல கட்டினேன்.

— பாசிய கட்டினா கன்னு வந்துடுமா?

— அந்தப் பாசிக்கு வேரே கெடையாது. மலைக்காட்டுல நெழல்ல, மரத்து மேல மெத்து மெத்துன்னு படர்ந்து கெடக்கும். குருவி கூட்டுக்குள்ள அதத்தான் வைக்குது. காஞ்சா வைக்கோலாட்டம் ஆவும், தண்ணி பட்டா மறுபடியும் பச்சையாவும். ஒரு கைப் பாசி ஒரு சொம்புத் தண்ணிய குடிச்சிக்கினு சும்மா இருக்கும். நாறாது, சீக்கிரத்துல அழுவாது. ரோஜாக் கன்னுங்கள அதுலதான் பொதிஞ்சி லாரில ஏத்தறோம். சீவின எடத்துல அத சுத்தினா கெளை அதுக்குள்ளயே வேர் வுடும். வேர் வுட்டதும் கீழ வெட்டி ஈரத்துல வச்சா தனி மரம்.

— அப்ப ராஜாம்பா அக்கா?

— நான் இல்லாத நாளைக்கு தண்ணி ஊத்தச் சொன்னேன்.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— புள்ளத்தாச்சி கண்ணு பட்டா வேர் புடிக்காதுன்னு தோட்டத்துல பேசிக்கினாங்க.

— நல்லா இருக்குதுங்க. நான் பாத்தா ஆவாது, பக்கத்து வூட்டுக்காரி பாத்தா ஆவும். அந்த அக்காவ நடுத்தெருவுல நிக்க வச்சி மண்ண வாரித் தூத்திட்டேன். ‘உன் புருசன் வந்ததும் கேளு’ன்னு அழுதுகினே உள்ள பூடுச்சு. இனிமே அந்த மூஞ்சியில எப்படி முழிப்பேன்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னா கொறஞ்சா பூடுவீங்க?

— தப்பு என்னுதுதான். அக்கா கால்ல நானே வுழறேன். மூட்டைய என்னா பண்ண, அத சொல்லு. அவுத்துட்டியா? பாசிய உதறிட்டியா?

— தொடவேயில்லன்னு சொன்னேனே. மூட்டைக்குக் கீழ அருவாளப் போட்டு கெளையோட வெட்டினேன். கழியால தூக்கிக்கினு போயி நெலக்கரி மைன்ஸ் தண்ணி ஓடுற வாய்க்கால்ல வீசிட்டேன்.

— பூடுச்சு. மரமும் பூடுச்சு, கெளையும் பூடுச்சு. சாயங்காலம் அந்த ஆபீசர் கேட்டா எந்த வாயால பதில் சொல்லுவேன்?

— ஏங்க, இப்பிடி கொஞ்சம் உக்காருங்க. ஒண்ணு கேக்கறேன், திட்டாதீங்க.

— கேளு.

— அது தண்ணியோட போவல. கரையோரத்து சேத்துல குத்திக்கினு நின்னுடுச்சு. டெய்லி போயி பாத்துட்டு வரேன், நவரவேயில்ல. அந்தப் பயத்துலதான் அம்மா வூட்டுக்குப் போறேன்னேன். காலையில பாத்தா ரெண்டு எலை துளுத்துக்கினு நிக்குது. செய்வின இல்லன்னா, வெட்டிப் போட்ட கெளைக்கு எங்கருந்துங்க உசுரு வந்துச்சு?