கீழே இருந்த வட்டம்

லிஃப்ட் மறுபடியும் பழுது. இருபத்தேழு வருடமாக இந்தக் கல்லூரியில் வேலை பார்க்கிறேன், சட்டப் பிரிவுக்காக மூன்று மாடி ஏறியது இன்றுதான் முதல் தடவை. முழங்கால் இரண்டும் கெஞ்சுகின்றன. தேநீர் சொன்னதற்கு நன்றி ஐயா. இவ்வளவு இளம் வயதில் விசாரணை அதிகாரி ஆகியிருக்கிறீர்கள், உங்கள் தாயார் பெருமைப்படுவார்.

பெயர் இஃப்பத் அப்துல் மவ்லா. வயது ஐம்பத்து நான்கு. கல்வியியல் கல்லூரியில் பாடத்திட்டத் துறையின் செயலாளர். மணமாகவில்லை. எல்லோரும் என்னை மதாம் இஃப்பத் என்று கூப்பிடுகிறார்கள், அது மரியாதைக்காக.

உங்கள் முதல் கேள்வி: டாக்டர் வஜீஹின் பெயரில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் இணையப் பக்கங்களை நிரப்பியது யார்? நான்தான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? துறையில் எல்லோருக்கும் தெரியும்.

முனைவர் படிப்புக்கு வெளிநாட்டில் விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அங்கேயெல்லாம் பேராசிரியரே உட்கார்ந்து எழுதுவாராம். இங்கே யாருக்கு நேரம் இருக்கிறது? எங்கள் துறைப் பேராசிரியர் டாக்டர் வஜீஹ் எல்லோரிடமும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்: "நீயே எழுதிட்டு வாம்மா, நான் கையெழுத்துப் போடறேன். உன்னைப் பத்தி உன்னைவிட எனக்கா அதிகம் தெரியும்?" பிள்ளைகள் தங்களைத் தாங்களே புகழ்ந்து எழுதிக்கொண்டு வருவார்கள். அவர் படிக்காமல் கையெழுத்திடுவார். நான் முத்திரை வைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்புவேன். அவருக்கு எழுபது வயதாகிறது, கம்ப்யூட்டரைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரி விலகுவார். அவருடைய மின்னஞ்சல், பாஸ்வேர்டு, சரிபார்க்கும் எண் வந்து விழும் கைபேசி எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன.

கடிதத்தை ஏற்றும் பக்கத்தில் சில கேள்விகளும் இருக்கும். இந்த மாணவியை எந்த இடத்தில் வைப்பீர்கள்? கேள்விக்குக் கீழே ஆறு வட்டங்கள். மேலே இருப்பது நூறு பேரில் முதல் இரண்டு பேருக்கானது. அடியில் இருப்பது, சேர்த்துக்கொள்ளப் பரிந்துரைக்கவில்லை என்பது. ஒன்றைத் தொட வேண்டும். விண்ணப்பிக்கிறவர் அதைப் பார்க்க முடியாது. பார்க்க மாட்டேன் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தால்தான் அங்கே கடிதத்தை நம்புவார்கள்.

பதினொரு பேரை நான் மேலே இருந்த வட்டத்தைத் தொட்டு அனுப்பியிருக்கிறேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் இடம் கிடைத்தது. விமானம் ஏறும்வரை "மதாம், உங்க கையை முத்தமிடணும்" என்பார்கள். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. பெருநாளுக்கு ஒரு வாழ்த்துகூட வராது. ஸப்ரி என்று ஒருவன், அவனுக்காக மூன்று நாள் விடுப்பெடுத்துத் தூதரக வரிசையில் நின்றேன். ஆறு வருடம் கழித்து டாக்டராகத் திரும்பி வந்தான். நான் எழுந்து நின்றேன். அவன் என்னைப் பார்த்து, "எட்டாம் நம்பர் அறை எங்கேங்க?" என்று கேட்டான். கையை நீட்டிக் காட்டினேன். எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

முதல் கேள்விக்கான பதில் முடிந்தது. கொடுங்கள், கையெழுத்திடுகிறேன்.

இரண்டாவது கேள்வி, நஹ்லாவைப் பற்றியது. அவளைப் பற்றி என்னிடம் கேட்டதற்கு நன்றி. அவளை எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

நஹ்லா எங்கள் துறையின் துணை விரிவுரையாளர். முதுகலைப் பட்டத்துக்கு அவள் எழுதிய ஆய்வைத் தட்டச்சு செய்தவள் நான். இடம் போதாததால் மாலை வேளையில் நடக்கும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றனவே, அந்தப் பிள்ளைகள் ஏன் வாசிப்பில் பின்தங்குகிறார்கள் என்பது அவள் கேள்வி. இரண்டு வருடம் அந்த வகுப்புகளில் போய் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். தட்டச்சு செய்யும்போது இரண்டு இடத்தில் எனக்கே கண் கலங்கியது. வகுப்பு முடிந்தால் மற்றவர்கள் பேராசிரியர்களின் அறைக்குப் போவார்கள். அவள் என் அறைக்கு வருவாள். செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்து எனக்குப் பாதி கொடுப்பாள். என்னை அத்தை என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

அவள் முதல் தடவை விண்ணப்பித்தபோது கடிதத்தை எழுத முடியாமல் என் மேசையில் தலையை வைத்துக்கொண்டாள்.

"அத்தை, என்னை நானே கெட்டிக்காரின்னு எப்படி எழுதறது? வெக்கமா இருக்கு."

"நகரு அந்தப் பக்கம். பொண்ணு பார்க்க வர்றப்போ பொண்ணேவா தன் அழகைச் சொல்லும்? அதுக்குத்தான் அத்தைக்காரி இருக்கா."

நான்தான் எழுதினேன். இருபது வருடத்தில் இந்தத் துறைக்கு வந்தவர்களில் இவளுக்கு நிகர் யாருமில்லை என்று எழுதினேன். அதில் ஒரு வரி பொய்யில்லை ஐயா. டாக்டர் வஜீஹ் கையெழுத்திட்டார். நஹ்லா என் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள். நான் பக்கத்தைத் திறந்து கடிதத்தை ஏற்றினேன். பிறகு கீழே இருந்த வட்டத்தைத் தொட்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அவளுடைய தாய்க்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்கு நஹ்லாதான் அழைத்துப் போவாள். அப்படிப்பட்ட தாயை விட்டுவிட்டு மகள் கனடாவுக்குப் போகலாமா? யாராவது ஒருவர் யோசிக்க வேண்டும் அல்லவா? நான் யோசித்தேன். அவள் கெட்ட பெயர் வாங்காமல், தாயோடு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்தத் தாய் ஒரு நாள் என் அறைக்கே வந்தார். நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் பால்சோறு கொண்டுவந்தார். "மதாம், நான் எப்போ சாவேன்னு என் பொண்ணு உக்காந்து காத்திருக்கக் கூடாது. எங்கக்காவை வீட்டோட வரச் சொல்லிட்டேன், அவ என்னைப் பார்த்துப்பா. இவளை எப்படியாவது அனுப்பி வெச்சிடுங்க. உங்களை நம்பித்தான் இருக்கேன்" என்றார். ஆகட்டும் என்றேன். பால்சோறு நன்றாக இருந்தது. அது இரண்டாவது வருடம்.

மூன்றாவது தடவையும் மறுப்பு வந்தபோது நஹ்லா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவள் வீட்டுக்குப் போய், கீரைக் குழம்பு வைத்து, சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டேன். "எங்கிட்ட ஏதோ குறை இருக்கு அத்தை, அவங்களுக்குத் தெரியுது, எனக்குத்தான் தெரியல" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். உன்னிடம் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். அதுவும் உண்மைதானே. அந்த வருடம் அவள் இங்கேயே டாக்டர் வஜீஹிடம் முனைவர் படிப்புக்குப் பதிந்துகொள்ளலாம் என்று இருந்தாள். நான்தான் தடுத்தேன். "உன் படிப்புக்கு இந்த ஊரு பத்தாது கண்ணு. இன்னும் ஒரு வருஷம் பாரு" என்றேன்.

நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். எனக்குப் புரிகிறது. இன்று மாலை நான்கு மணிக்கு அந்தப் பக்கம் மூடுகிறது. அங்கே அப்போது காலை ஒன்பது, குழு கூடிவிடும். டாக்டர் வஜீஹ் கீழே கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நஹ்லா இந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருக்கிறாள். பாஸ்வேர்டு என்ன, அந்தக் கைபேசி எங்கே என்பதுதான் உங்களுக்கு வேண்டும். அது நான்காவது கேள்வி. இன்னும் இரண்டாவதே முடியவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் முழுவதும் எழுதி, வாசித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்காமல் அடுத்ததற்குப் போனால் வாக்குமூலம் செல்லாது. இந்த விதியைத் துறைகளுக்கெல்லாம் தட்டச்சு செய்து அனுப்பியதே நான்தான். உங்கள் முதல் விசாரணை குறையுள்ளதாகிவிடக் கூடாது. எழுதுங்கள்.

எப்படி மாட்டிக்கொண்டேன் என்பதையும் இதிலேயே சேர்த்துவிடலாம். கனடாவில் ஒரு பேராசிரியை. இந்த வருடம் அவர் கடிதத்தையும் வட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். இருபது வருடத்தில் நிகரில்லாதவளை ஏன் பரிந்துரைக்கவில்லை என்று அவருக்குச் சந்தேகம். துறைக்கே தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். நான் அன்று பல் பிடுங்கப் போயிருந்தேன். டாக்டர் வஜீஹ் எடுத்தார். "எந்தப் பக்கம்? நான் அப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்லையே" என்றாராம். அந்த அம்மாள் நல்லவர். தவறு நடந்திருந்தால் அதே பக்கத்தில் திருத்துங்கள், இன்றுவரை திறந்து வைக்கிறேன், வேறு வழியாக வருவதைக் குழு ஏற்காது என்று சொல்லியிருக்கிறார். கடிதத்தைக் கொஞ்சம் சுமாராக எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அவளைப் பற்றிச் சுமாராக எழுத எனக்குக் கை வரவில்லை.

நேற்று நஹ்லா வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். உட்காரவில்லை.

"எத்தனை தடவை?"

"அஞ்சு."

"அம்மா இருந்தப்பவுமா?"

"ஆமா."

"மூணாவது தடவை நீங்கதானே எனக்குச் சோறு ஊட்டினீங்க."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சரி, இந்தப் பக்கங்களையும் வாசித்துக் காட்டுங்கள். கொஞ்சம் மெதுவாக, எனக்குக் காது மந்தம். நன்றி. இங்கே ஒன்று, இங்கே ஒன்று, கையெழுத்து ஆயிற்று.

மூன்றாவது கேள்வி. தாய்க்காகச் செய்தேன் என்கிறீர்களே, அவர் இறந்து இரண்டு ரமலான் கடந்துவிட்டதே, அதற்குப் பிறகும் இரண்டு தடவை ஏன் செய்தீர்கள்? நல்ல கேள்வி. இதை நான் என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

அவரைக் குளிப்பாட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. அடக்கம் முடிந்த பிறகு நாற்பது நாள் நஹ்லா என் வீட்டில்தான் இருந்தாள். தாயைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பெரியம்மா கிராமத்துக்குப் போய்விட்டார். காலையில் இருவரும் ஒன்றாகக் கல்லூரிக்கு வருவோம், ஒன்றாகத் திரும்புவோம். போகும் வழியில் அவரைக்காய் வாங்குவோம். வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்க, உள்ளே ஒருவர் நடமாடுகிற சத்தம் கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பிறகு டிசம்பர் வந்தது, பக்கம் திறந்தது, வட்டத்தைத் தொட்டேன். கை பழகிவிட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள். வேறு எதையும் எழுத வேண்டாம்.

துணை விரிவுரையாளர் குறித்த காலத்துக்குள் முனைவர் பட்டம் வாங்கவில்லை என்றால், வகுப்பறையிலிருந்து எடுத்து அலுவலகப் பணிக்கு மாற்றிவிடுவார்கள். உங்களுக்குத் தெரிந்த சட்டம்தான். நஹ்லாவுக்குக் கொடுத்த நீட்டிப்பு இந்த ஆகஸ்டில் முடிகிறது. எங்கள் துறை அலுவலகத்துக்கே அவளை மாற்றச் சொல்லிப் போன மாதம் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தேன். ஜன்னலோர மேசையைத் துடைத்து வைத்திருக்கிறேன். அங்கே குளிர்காலத்தில் நல்ல வெயில் வரும்.

வாசித்தாயிற்றா? கையெழுத்திடுகிறேன். இந்தப் பேனா சரியாக எழுதவில்லை, வேறு ஒன்று இருந்தால் கொடுங்கள்.

இப்போது நான்காவது கேள்வி. பாஸ்வேர்டு, நஹ்லா பிறந்த நாள், மாதம், வருடம், இடைவெளி இல்லாமல். கைபேசி என் கைப்பையில் இருக்கிறது, நேற்றிலிருந்து அணைத்து வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள். மணி நாலரை ஆகிறது என்று தெரியும் ஐயா. நீங்கள் விதிப்படிதான் நடந்துகொண்டீர்கள், யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

என்னை வேலையை விட்டு நீக்குவீர்கள், வழக்கும் போடுவீர்கள். போடுங்கள். எனக்கு ஓய்வு வேண்டும். ஆனால் நஹ்லாவிடம் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம், இதையெல்லாம் பக்குவமாகச் சொல்ல உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போகிற வழியில் நானே சொல்லிக்கொள்கிறேன். இரண்டு நாள் பேசாமல் இருப்பாள், பிறகு சரியாகிவிடுவாள். அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?