ஆறு கோழிகளின் சம்மதம்

கோழிக்கு மாவுருண்டை என்றால் உயிர் என்பார்கள், கோழி வளர்க்காதவர்கள். வயிறு நிறைந்த கோழி அதை ஏறெடுத்தும் பார்க்காது. விசாரணைக்கு வந்திருக்கும் ஐயா இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

என் பெயர் ஓப்பியஸ். ரைன் ஆற்றங்கரைப் பாசறையில் புனிதக் கோழிகளுக்குப் பொறுப்பாளன். போருக்குமுன் கூண்டைத் திறந்து உருண்டையைப் போடுவேன். அலகிலிருந்து சிந்தச் சிந்தத் தின்றால் தெய்வங்களுக்குச் சம்மதம். தொடாவிட்டால் படை நகரக் கூடாது. ரோமாபுரியின் ஐயாயிரம் வீரர்களும் ஆறு கோழிகளின் பசிக்குக் கட்டுப்பட்டவர்கள். சிரிக்காதீர்கள், இதுதான் நம் சட்டம்.

தளபதி ட்ரெபியஸின் கூடாரத்தில் ஒரு வரைபடம் இருந்தது. அதில் ஆற்றுக்கு அப்பாலும் கடல்வரை நம் பேரரசுதான். அங்கே குடியிருந்தவர்களுக்கு மட்டும் யாரும் அதைக் காட்டவில்லை போலிருக்கிறது.

புறப்பாட்டுக்கு மூன்று நாள் முன்பு கல்டஸ் வந்தான். என் தங்கையின் கணவன், வேவுப்படைக்காரன், இடுப்புவரை சேறு.

“மச்சான், சதுப்புக்கு அந்தாண்ட மரத்துக்கு மரம் ஆள் நிக்கிறான். தளபதிகிட்ட சொன்னா என்னைப் பயந்தாங்கொள்ளிங்கிறாரு. மனுசன் பேச்சைத்தான் கேக்க மாட்டாரு, கோழி பேச்சைக் கேப்பாருல்ல? வயிறு முட்டப் போட்டு வை. பத்து நாள் தள்ளிப்போனா போதும், பின்னால வர்ற படையும் சேர்ந்துரும்.”

சரி என்றேன். சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன்.

மாலையில் தளபதியும் வந்தார். கூண்டைக் காலால் தட்டினார்.

“என்னய்யா, கொத்துமா?”

“தெய்வச் சித்தம், ஐயா.”

“கொத்தலைன்னா கோழி குழம்புல, நீ முன்வரிசையில.”

பாவம், வாயில்லாச் சீவன்கள். குழம்பு என்ற சொல் என் நெஞ்சைப் பிசைந்துவிட்டது. அவர் சொன்னதன் இரண்டாம் பாதி எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

அன்றிலிருந்து கோழிகளுக்குத் தண்ணீர் மட்டும் வைத்தேன். எங்கள் தொழிலில் இது புதிதல்ல. மூன்றாம் நாள் காலை, அணிவகுத்து நின்ற படைக்குமுன் கூண்டைத் திறந்தேன். ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு பாய்ந்தன. உருண்டை தீர்ந்தபின் மண்ணையும் கொத்தின. இப்படியொரு நல்ல சகுனத்தைப் பார்த்ததே இல்லை என்று படையே ஆர்ப்பரித்தது. முன்வரிசையில் நின்ற கல்டஸ் மட்டும் கோழிகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து கூண்டின் தாழ்ப்பாளைச் சரிசெய்தேன். அது கொஞ்ச நாளாகவே இறுகியிருந்தது.

சதுப்பில் நடந்தது உங்களுக்குத் தெரியும். முந்நூறு பேர் திரும்பினார்கள். கல்டஸ் திரும்பவில்லை. தளபதி தன் வாள்மேல் தானே விழுந்தார். அந்தப் போரில் அவர் குறி தவறாமல் செய்தது அது ஒன்றுதான். நான் பாசறையிலேயே இருந்தேன். கோழிகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே.

சாகும்வரை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆமாம், பட்டினி போட்டது நான்தான், எதிரி நிற்கிறான் என்று தெரிந்தேதான். ஆனால் ஏன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு உயிர்களைக் காப்பாற்ற. என்மேல் வேறு எந்தக் குற்றமும் சொல்ல முடியாது.

கோழிகள் எங்கே என்று கேட்கிறீர்கள். கல்டஸுக்கு ஒன்பதாம் நாள் படையல் போடத் தங்கை வீட்டில் ஒன்றுமே இல்லை. படையும் இல்லை, சகுனமும் பார்க்க வேண்டியதில்லை. ஆறையும் நானே அறுத்துக் கொடுத்தேன். சாப்பிடும்போது அவள் அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள்.

“உசுரா வளர்த்தியேண்ணா. உனக்கு எவ்வளவு பெரிய மனசு.”

நான் மறுக்கவில்லை. குழம்பு நன்றாக இருந்தது, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.